யாருமற்ற நிலத்தில் இட்லிக் கடை

ஐரோப்பாவில் 1918-இல் முடிந்துபோன முதல் உலகப் போர் புனேவில் இருக்கும் எங்கள் போபோடிக்கு வந்து சேர 1998 ஆகிவிட்டது. எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற வேகத்தை அறிந்தவர்கள் இதைப் பெரிய தாமதம் என்று சொல்ல மாட்டார்கள்.

போரைக் கொண்டுவந்தது போர் நினைவுப் பேணல் வாரியம். விஷ்ராந்த்வாடியில் ஒரு மாடிப் போர்ஷனில் அதன் அலுவலகம் இருந்தது. தலைவர் பாலச்சந்திரன் ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் துப்பாக்கி வாங்கிய பில்களை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார், இரண்டில் அதுதான் கஷ்டமான வேலை என்பது அவர் கருத்து. செயலாளர் பத்ரி, தலைவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டி முடித்துவிடும் திறமை உள்ளவர்.

வாரியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்வதானாலும் முதலில் சலவைக்கல் வைப்பார்கள். அதில் தலைவரின் உரை பொறிக்கப்படும், ஒரு மந்திரி வந்து திரையை விலக்குவார். கட்டடம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். மந்திரி திறந்த கல்லை அதே மந்திரியின் கையெழுத்து இல்லாமல் யாரும் அசைக்கக் கூடாது என்று விதி. இந்த விதியை எழுதியவரும் பாலச்சந்திரன்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1914-இல் ஆங்கிலேயக் காலாட்படைப் பட்டாளம் ஒன்று போபோடியை அடுத்த கட்கியில் முகாமிட்டிருந்து, பம்பாய்க்கு ரயிலேறி, கப்பலில் பிரான்சுக்குப் போயிற்று. அங்கே பதுங்கு குழிச் சேற்றில் குளிர்காலங்களைக் கழித்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் பிள்ளைகள் சிலர், அவர்களே கிழவர்களாகிவிட்டவர்கள், போர் முடிந்த எண்பதாவது ஆண்டு நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி புனேவுக்கு வந்து அப்பாக்கள் இருந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். ஒரு மரத்தைக் காட்டி, ஆளுக்கொரு டீ கொடுத்திருந்தால் போதும் என்று பின்னால் அவர்களே சொன்னார்கள். வாரியம் அப்படிச் சுலபமாக ஆளை விடுகிற வாரியமல்ல. பிரான்சில் இருந்த பதுங்கு குழியை அப்படியே போபோடியில் வெட்டிக் காட்டுவது என்று தீர்மானம் போட்டது.

வெட்டுவதற்கு வாரியம் பிடித்த மைதானத்தின் நடுவில் துரைசாமியின் இட்லிக் கடை இருந்தது. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, வாசலில் ஒரு சாய் ஸ்டவ். துரைசாமியின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்றதும் கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுத்துப் போட்ட கடை. லைசென்ஸ் அந்த இடத்துக்கு மட்டும்தான் செல்லும். புதிய இடத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதைக் கார்ப்பரேஷன் எப்போதோ நிறுத்திவிட்டது. கடை போனால் துரைசாமிக்கும் அவர் மனைவி பார்வதிக்கும் போபோடியில் வேறு பிழைப்பு இல்லை. நான் அங்கே தினமும் காலை நாலு இட்லி சாப்பிடுகிறவன், ஆகவே என்னிடம் நடுநிலைமை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு நாள் பத்ரி வரைபடத்தோடு வந்து பெஞ்சில் விரித்தார். சட்னிக் கிண்ணத்தை எடுத்து ஒரு மூலையில் வைத்தார், காற்றில் பறக்காமல் இருக்க.

"துரைசாமி, இதைப் பாருங்கோ. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் ட்ரெஞ்ச். அந்தப் பக்கம் ஜெர்மன் ட்ரெஞ்ச். நடுவில இருக்கிறது நோ மேன்ஸ் லேண்ட். அங்க ஒரு மனுஷாளும் இருக்கப்படாது. ரூல்."

"நான் கீறனே சார்?"

"அதான் பிரச்சனையே. சரித்திரத்தில நீங்க இல்லை."

"லைசென்ஸ்ல கீறன் சார்."

"லைசென்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்தது. சரித்திரம் எங்க டிபார்ட்மென்ட்."

துரைசாமிக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்து வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டை போட்டார்கள், அதில் யாரோ ஜெயித்தார்கள். அந்தச் சண்டையில் தன் கடை எப்படி மாட்டிக்கொண்டது என்று அவர் அன்று மாலை வரை வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டும் சலீம்தான் கடைசியில் பதில் சொன்னான். அவன் வாணியம்பாடிக்காரன், கோரேகாவ் பார்க்கில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கிச் சரளமாக இங்கிலீஷ் பேசுவான்.

"அண்ணே, ரெண்டு பேர் சண்டை போட்டா நடுவுல கீறவனுக்குத்தான் அடி. இதுல புரியாததுக்கு இன்னா கீது?"

ஆடி மாதத்தில் குழி வெட்ட ஆள் வந்தது. மேஸ்திரி மாடசாமி திருநெல்வேலிக்காரர். நீளமாக ஒரு குழி என்றால் அவர் வாழ்நாளில் வெட்டியதெல்லாம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூக்குழிதான். ஆடி மாதம், நீளக் குழி, காசு கொடுப்பது ஏதோ கமிட்டி. அவர் வேறென்ன நினைப்பார்? முதல் மண் எடுக்கும்போது தேங்காய் உடைத்து, எலுமிச்சை வெட்டி, நான்கு மூலையிலும் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மத்தியானத்துக்குள் சந்திலிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாம் குடத்தோடு வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மராத்திப் பெண்களும் வந்து குங்குமம் வைத்தார்கள். சாமி விஷயத்தில் போபோடியில் மொழிப் பிரச்சனை கிடையாது.

மறுநாள் பாலச்சந்திரன் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு குழிக்குள் இறங்கினார்.

"என்னய்யா இது, நேரா வெட்டியிருக்க? ட்ரெஞ்ச் வளைஞ்சு வளைஞ்சு போகணும்."

"பூக்குழி நேராத்தான சார் இருக்கும்? வளைஞ்சு கெடந்தா நெருப்புல நடக்கவன் எப்படிப் போவான்?"

"நெருப்பா? இது சேத்துக்காக வெட்டின குழிய்யா!"

மாடசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், முதல்ல செருப்பக் கழத்துங்க. அம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தின இடம். நான் சொல்லுதத சொல்லிட்டேன்."

தலைவர் சிரித்துவிட்டுப் போனார். அந்த வாரமே அவருடைய பேரனுக்கு அம்மை போட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்கு அம்மைதான், ஆனாலும் அவர் மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய அதிகாரிகளுக்கும் வீட்டுக்குள் ஒரு மேலதிகாரி இருப்பதுண்டு. திங்கட்கிழமை வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பதுங்கு குழிக்குள் எக்காரணம் கொண்டும், எந்தப் பதவியில் இருப்பவரும், காலணியுடன் இறங்கக் கூடாது. காரணம் என்ற இடத்தில் 'நிர்வாக நலன்' என்று போட்டிருந்தது.

குழியை வளைத்து வெட்டினார்கள். வெட்டி முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது, குழி காய்ந்து வெடித்துப்போயிற்று. காய்ந்த பதுங்கு குழி சரித்திரத்துக்கு முரணானது என்று தீர்மானம் போட்டு, சேறு தயாரிக்கத் தினமும் ஒரு டேங்கர் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார்கள். அப்போது எங்கள் சந்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் நூல் மாதிரித்தான் தண்ணீர் வரும். டேங்கர் வந்த முதல் நாள் பெண்கள் குடங்களோடு வரிசை கட்டிவிட்டார்கள். பத்ரி கையை விரித்துக்கொண்டு டேங்கர் முன்னால் நின்றார்.

"அம்மா, கேளுங்கோ. குடிக்கிற தண்ணி கார்ப்பரேஷன் பொறுப்பு. எங்களுக்கு சாங்ஷன் ஆனது சேத்துக்கு மட்டும்தான்!"

"சேறு நாங்க பண்ணித் தர்றோம் சார்" என்றாள் பார்வதி. "நாலு கொடம் போதும் அதுக்கு. மிச்சத்தக் குடுங்க."

பத்ரி யோசித்துப் பார்த்தார். சேறு வந்தால் சரி என்று விட்டுவிட்டார். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல விஷயம் இது ஒன்றுதான், அதனால் சொல்லிவிடுகிறேன்.

பிறகு எலி வந்தது. பதுங்கு குழியில் எலிகள் இருந்ததாகத் தலைவர் படித்திருந்தார். போபோடியில் எலி இல்லாத வீட்டைக் காட்டினால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன், ஆனால் வாரியம் உள்ளூர் எலியை ஏற்பதில்லை. டெண்டர் விட்டு, கூண்டில் வைத்து, ரசீதோடு எலி வரவழைத்தது. கூண்டைத் திறந்த அரை மணியில் ரசீது போட்ட எலிகள் எல்லாம் துரைசாமியின் அரிசி மூட்டையில் இருந்தன.

இதற்கிடையில் கடையை இடிக்க வேண்டிய வேலை அப்படியே நின்றது. அதற்குக் காரணம் நிஜமாகவே போர்தான். பிரிட்டிஷ் குழிக்குப் பத்ரி தலைமையில் ஒரு துணைக்குழு, ஜெர்மன் குழிக்குப் பாஸ்கர் என்ற உறுப்பினர் தலைமையில் இன்னொரு துணைக்குழு. யாருக்கு அதிக மணல்மூட்டை என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு துணைக்குழுவும் முகம் பார்த்துப் பேசாத அளவுக்கு முற்றிவிட்டது. கடை உங்கள் பக்கம்தான், நீங்கள்தான் இடிக்க வேண்டும் என்று இவர் அவருக்கும் அவர் இவருக்கும் எழுதினார்கள். இடையில் இரண்டு பேருமே, வெவ்வேறு நேரத்தில், கடைக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

துரைசாமி மெலிந்துபோனார். மாவு கரைக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார். "இடிச்சாலும் இடிச்சித் தொலைங்கடா, இல்லன்னா உடுங்கடா" என்று ஒரு நாள் யாருமில்லாத மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். பார்வதி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. குண்டு விழுவதைவிட விழப்போகிறது என்று உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பட்டாளத்தையும் வாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பாலச்சந்திரனே முடிவெடுத்தார். நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கடையை இடிப்பார்கள். விழாவுக்கு முன்னாலேயே இடித்திருக்கலாம், ஆனால் விழா வேலை பார்க்கும் எழுபது பேருக்கும் டீ வேறு எங்கே கிடைக்கும்? ஆகவே பதினொன்றாம் தேதி வரை கடை இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். காக்கி நிறத் தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே மரக்கிளைகளைச் செருகினார்கள்.

"ராணுவ மறைப்பு" என்றார் பத்ரி பெருமையாக.

"சாம்பார் வாசனைய இன்னாத்தப் போட்டு மறைப்பீங்க?" என்று கேட்டாள் பார்வதி.

மந்திரிக்கு அதுவரை நேரம் கிடைக்காததால், வழக்கத்துக்கு மாறாகக் கடைசியில், பத்தாம் தேதிதான் சலவைக்கல் வந்தது. யாருமற்ற நிலத்தின் எல்லையில், கடைக்குப் போகும் வழியில் நட்டார்கள். பம்பாயிலிருந்து ஒரு மந்திரி வந்து திரையை விலக்கிவிட்டு அடுத்த விழாவுக்கு ஓடினார். மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் தலைவரின் உரை பொன்னெழுத்தில் இருந்தது. எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியதாகப் பத்ரி சொன்னார்.

பதினொன்றாம் தேதி அந்தக் கிழவர்கள் வந்தார்கள். எட்டுப் பேர். முதலில் உட்காரவைத்துப் பேசினார்கள். மேடையில் நிழல் இருந்தது, கிழவர்களுக்குப் போட்ட நாற்காலிகள் வெயிலில் இருந்தன. பாலச்சந்திரன் எழுந்தார்.

"நண்பர்களே! அந்தக் காலத்துத் தளபதிகள் குழியிலிருந்து பல மைல் பின்னால் ஒரு மாளிகையில் இருந்துகொண்டு போரை நடத்தினார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நிர்வாகம் தெரியாதவர்களின் பேச்சு அது! நானும் இந்தக் குழியை விஷ்ராந்த்வாடியில் இருந்துதான் வெட்டினேன். ஒரே ஒரு தடவை இறங்கினேன், அதற்கே வீட்டில் அம்மை வந்துவிட்டது. தலைவன் சேற்றில் இறங்கினால் கோப்புகளை யார் பார்ப்பது?"

மேடையில் இருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அடுத்துப் பாஸ்கர் ஜெர்மன் தரப்பின் சார்பில் பேசினார், மணல்மூட்டை விஷயத்தை விடவில்லை. பேச்சுகள் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று.

பிறகு கிழவர்களைக் குழிக்குள் இறங்கச் சொன்னார்கள். விளிம்பில் பத்ரி நின்று சுற்றறிக்கையைப் படித்தார். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, வெள்ளைக் காலோடு முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். அன்றைக்கென்று இரண்டு டேங்கர் ஊற்றியிருந்தார்கள். நடுவில் மேடையில் இன்னொரு பிரமுகர் வந்துவிட்டதால் அவருக்கு மாலை போட எல்லோரும் போய்விட்டார்கள். குழியில் இறங்கியவர்களை ஏற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. கிழவர்கள் சேற்றில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களில் ஸ்டான்லி என்று ஒருவர், எழுபத்துநாலு வயது. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூக்கை உயர்த்திக் காற்றை மோப்பம் பிடித்தார். மண் சுவரில் கையூன்றி, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ள, குழியைவிட்டு வெளியே ஏறினார். ஏறி, யாருமற்ற நிலத்தில் நேராகத் தார்ப்பாயை நோக்கி நடந்தார். மற்ற ஏழு பேரும் பின்னால் ஏறினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானும் சலீமும் கடைக்கு ஓடினோம்.

"சார்! ஸ்டாப்! அங்க ஒண்ணும் இல்லை! நோ மேன்ஸ் லேண்ட்!" என்று பத்ரி மேடையிலிருந்து மைக்கில் கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு எட்டு வெள்ளைக்காரர்கள் வந்து நின்றதும் துரைசாமி கரண்டியோடு எழுந்து நின்றார். பார்வதி முதலில் பார்த்தது அவர்களுடைய கால்களை. தண்ணீரில் ஊறிச் சுருங்கி, வெளிறிக் கிடந்தன.

"அய்யோ, பெரியவங்கள எவ்ளோ நேரம் நிக்க வச்சிட்டானுங்க பாவிங்க. உக்காருங்க. சலீம், ஒக்காரச் சொல்லுப்பா."

இட்லிப் பானைக்கு வைத்திருந்த வெந்நீரை வாளியில் விளாவி ஊற்றிக் கால் கழுவச் சொன்னாள். துடைக்கத் துண்டு கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடு காட்டி ஸ்டான்லியின் முன்னால் வைத்து, தேய்த்துக்கொள்ளும்படி கையால் காட்டினாள். கிழவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். சலீம் தமிழில் சொன்னான்.

"அவங்கப்பா பட்டாளத்துல, தெனம் ஆபீசர் வந்து காலத்தான் பாப்பாராம். சேத்துல நின்னு நின்னு கால் அழுகிடும்ன்னு திமிங்கல எண்ணெய் குடுப்பாங்களாம். ஜோடி ஜோடியா ஒக்காந்து, ஒருத்தன் கால்ல இன்னொருத்தன் தேய்க்கணுமாம். அவங்கப்பாவுக்கு ஜோடியா இருந்தவன் செத்துப் போன நாள்லருந்து அப்பாவுக்குத் தேய்க்க ஆள் இல்ல. ரெண்டு வெரலு போயிடுச்சாம். சாவற வரைக்கும் சண்டையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாராம், இந்த எண்ணெயப் பத்தி மட்டும் சொல்லுவாராம்."

பக்கத்தில் இருந்த கிழவர் குனிந்து, எண்ணெயைத் தொட்டு, ஸ்டான்லியின் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். வாரியம் எத்தனையோ மாதம் பாடுபட்டும் காட்ட முடியாத அந்தப் பட்டாளம், கொஞ்ச நேரம் பார்வதியின் கடையில் உட்கார்ந்திருந்தது. அப்போது மேடையில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

கிழவர்கள் இட்லி சாப்பிட்டு, இரண்டு இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை கார்ப்பரேஷன் ஆட்கள் புல்டோசரோடு வந்துவிட்டார்கள். பாலச்சந்திரனும் பத்ரியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். துரைசாமி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்வதி பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்திருந்தாள். புல்டோசர் சலவைக்கல் வரை வந்து நின்றது. கார்ப்பரேஷன் இன்ஜினியர் ஒரு மராத்திக்காரர், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஜாதி. கல்லின் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு தரம் சத்தமாகப் படித்தார். சலீம் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

"இது யாருமற்ற நிலம். இந்தக் கல்லைத் தாண்டி எந்த அரசின் ஆணையும் செல்லாது, எந்த அதிகாரியின் கட்டளையும் செல்லாது. இங்கே நிற்பவனை அகற்றும் உரிமை பூமியில் எவருக்கும் இல்லை. தலைவர் பாலச்சந்திரன். திறந்து வைத்தவர் மாண்புமிகு மந்திரி."

இன்ஜினியர் திரும்பினார். "சாஹேப், இது உங்கள் வாசகமா?" என்று மராத்தியில் கேட்டார்.

"அது இலக்கியம்!" என்றார் பாலச்சந்திரன். "உணர்ச்சியில எழுதினது!"

"மந்திரி திறந்திருக்கிறாரே. மந்திரி திறந்த கல்லுக்கு எதிராக நான் புல்டோசரை ஓட்டினால் என் வேலை போகும். முதலில் கல்லை எடுங்கள்."

"எடுய்யா கல்லை!" என்று தலைவர் பத்ரியிடம் கத்தினார்.

பத்ரி வாழ்க்கையில் முதன்முறையாகத் தலையாட்டவில்லை. "சார், மந்திரி கையெழுத்து வேணுமே. நீங்க போட்ட ரூல்தான் சார்."

மந்திரியிடம் கோப்பு போயிற்று. தான் திறந்த கல்லைத் தானே எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட எந்த மந்திரிக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் தேர்தலில் ஆட்சியே மாறிவிட்டது. அதே மந்திரியின் கையெழுத்துதான் வேண்டும் என்பது விதி, அவரோ மந்திரியாக இல்லை. கோப்பு இன்னும் எங்கேயோ இருக்கிறது. கல்லும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. நினைவுச் சின்னத்தின் சேறு காயக் கூடாது என்பதால் டேங்கரும் தினமும் வருகிறது. எங்கள் சந்து அதைத்தான் குடிக்கிறது.

ஒரு நாள் பாலச்சந்திரன் தனியாக வந்தார். குழியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். கடைக்கு வர வேறு வழி கிடையாது, கல் நின்ற வழியையும் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி, அதையும் கோப்பு திரும்பாத கோபத்தில் அவர்தான் போட்டார், நாங்கள் எல்லோரும் குழியில் இறங்கித்தான் போய்வருகிறோம். குனிந்து ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, சேற்றில் இறங்கி, ஒரு கையால் மண் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

"ஒரு டீ" என்றார், யாரையும் பார்க்காமல்.

துரைசாமி ஸ்டவ்வைத் தூண்டிவிட்டார். பார்வதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேத்துக் காலோட உள்ள வராதீங்க சார். அங்க வாளியில தண்ணி கீது, கழுவிக்கினு வாங்க. எண்ணெ சூடு பண்ணி எடுத்தாறேன்."